ஒரு பக்கம் உறை கட்டிய மணி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்ட வேண்டாம். ஒரே ஒரு வார்த்தைக்காக இரண்டு பேர் என் சமையலறையில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு நாளாக, என்னோடு சண்டை போட்டார்கள். அந்த வார்த்தையை எழுது என்றாள் ஹெஸ்டர். அதை மட்டும் எழுதாதீர்கள் என்றார் ரோலண்ட். வார்த்தை இதுதான்: மறந்துவிட்டார்.

இருவருக்கும் தமிழ் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதவே ஆரம்பித்தேன். நான் மாட்டு வைத்தியர். நாமக்கல்லில் படித்தவள். முப்பது வருஷமாக இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லைக்கு இந்தப் பக்கம் ஸ்டோக் வெர்டனில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஊசி போட்டுப் பிழைக்கிறேன். இந்த ஊரில் பசு சினையானால்கூட பக்கத்துப் பண்ணைக்காரருக்கு முதலில் தெரியும். நான் கதை எழுதுகிறேன் என்று தபால்காரரிடம் வாய்தவறிச் சொன்னேன். மறுநாளே ஹெஸ்டர் எலுமிச்சைக் கேக்கோடு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“என்னைப் பத்தி நீ என்ன எழுதியிருக்கன்னு வாசி.”

“தமிழ்ல இருக்கு ஹெஸ்டர்.”

“இங்கிலீஷ்ல வாசி. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல.”

இப்படித்தான் இந்தக் கதையை வாக்கியம் வாக்கியமாக, அதில் வருகிறவர்களுக்கே சொல்லிக்காட்டும் நிலைமை எனக்கு வந்தது. இந்தத் தலையெழுத்து வேறு எந்த எழுத்தாளருக்கும் வர வேண்டாம்.

(ஹெஸ்டர் என்னைவிடப் பத்து வயது மூத்தவள். தமிழில் ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும். ஆனால் என் சிநேகிதி என்பதால் ‘அவள்’, ‘நீ’ என்றே வருகிறது. ரோலண்டுக்கு ‘அவர்’, ‘நீங்க’ தானாக விழுகிறது. ஆங்கிலத்தில் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. எல்லாரும் எல்லாருக்கும் ஒன்றுதான்.)

2

கதையின் முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

எண்ணூறு வருஷத்துக்கு முன் கட்டிய புனித மைக்கேல் தேவாலயத்தின் கோபுரம் சற்றே வடக்குப் பக்கம் சாய்ந்து, யூ மரத்தின் —

இல்லை. தேவாலய வாசலில் உண்டியலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் சின்னப் புத்தகத்தில் இது ஏற்கெனவே இருக்கிறது. அதை யாரும் வாங்குவதுமில்லை.

நீலக் கோட்டும் இறகு வைத்த தொப்பியுமாக மணப்பெண் தேவாலயத்துக்குள் திரும்பி ஓடி வந்தபோது —

ஓடவில்லை. அறுபத்தொன்பது வயது. வேகமாக நடந்தாள்.

ரோலண்ட் ப்ரீஸ் நல்லவர் —

இதை நிரூபிக்கத்தான் மீதிக் கதை முழுக்கத் தேவைப்படுகிறது. முதல் வரியிலேயே போட்டுவிட்டால் நீங்கள் சந்தேகப்படுவீர்கள்.

ஆகவே மணியிலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்கள் கோபுரத்தில் ஆறு மணிகள். ஆளுக்கு ஒரு மணி, ஒரு கயிறு. சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாக, ஒன்றின் வால் பிடித்து ஒன்று ஒலிக்க வேண்டும். அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு மணியையும் ஆட்டி ஆட்டி, வாய் வானத்தைப் பார்க்கும்படி மேலே நிமிர்த்தி நிறுத்துவோம். கயிற்றை இழுத்தால் முழு வட்டம் சுற்றி ஒரு தடவை ஒலிக்கும். மறுபடி இழுத்தால் எதிர்ப்பக்கமாகச் சுற்றி இன்னொரு தடவை. நிமிர்ந்து நிற்கிற மணியின் பக்கத்தில் யாரும் போகக் கூடாது. போனால் கையோ தலையோ திரும்பி வராது.

சாவுக்கு அடிக்கும்போது மணியின் நாக்கில் ஒரு பக்கம் மட்டும் தோல் உறை கட்டுவோம். ஒரு அடி கணீரென்று கேட்கும். அடுத்த அடி, எங்கோ அடுத்த பள்ளத்தாக்கில் யாரோ அடிப்பதுபோல மெல்லக் கேட்கும். அந்த உறையைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் எங்கள் மணிக்குழுத் தலைவரின் வேலை. மற்றவர்கள் தொடக் கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் தொட மாட்டோம்.

எங்கள் தலைவர் ரோலண்ட்.

3

இப்போது உறவுமுறை. ரோலண்டின் அண்ணன் லென். லென்னின் மனைவி ஹெஸ்டர். அதாவது ரோலண்ட் ஹெஸ்டருக்குக் கொழுந்தன். தமிழில் ஒரே சொல்லில் முடிந்துவிட்டது பாருங்கள், எனக்கே பெருமையாக இருக்கிறது. லென் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ரோலண்டுக்கு முன்னால் லென்தான் தலைவர். கோபுரத்தின் அடியிலேயே, கல்லறைத் தோட்டத்து யூ மரத்துக்குப் பக்கத்தில் புதைத்திருக்கிறோம். மணிச்சத்தம் முதலில் விழுவது அவர்மேல்தான்.

ரோலண்ட் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லென் இருந்தபோதும் போன பிறகும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானச் சாப்பாடு ஹெஸ்டர் வீட்டில்தான். ஆட்டுக்கறி ரோஸ்ட், உருளைக்கிழங்கு, பார்ஸ்னிப் கிழங்கு, அப்புறம் இனிப்புக்கு ருபார்ப் கிரம்பிள். சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் துடைத்து வைத்துவிட்டுப் போவார். அந்த ஒரு வேளைக்காகத்தான் மனிதர் சவரம் செய்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

போன தை மாதம் (இங்கே ஆடுகள் பனியில் குட்டி போடுகிற மாதம்) ஹெஸ்டர் மெர்வினைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். மெர்வின் செம்மறி வளர்க்கிறவர், மனைவியை இழந்தவர், எங்கள் ஆறாவது மணிக்காரர். அதிகம் பேசாதவர். பேசினால் ஆட்டின் குளம்பைப் பற்றிப் பேசுவார். ஊரே சந்தோஷப்பட்டது. ரோலண்ட் மட்டும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, “லென் கேட்டுக்கிட்டுதான் இருப்பான்” என்றார். அந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுச் சாப்பாட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

இன்னொன்றும் செய்தார். வெளியாளுக்குத் தெரியாது, எங்களுக்குச் சுருக்கென்று தைத்தது. ஹெஸ்டர் இரண்டாவது மணி. ரோலண்ட் மூன்றாவது. மணியடிக்கிறவன் தனக்கு முன்னால் அடிக்கிறவரின் கைகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்காவிட்டால் சட்டி பானை உருள்வதுபோல இருக்கும். இருபது வருஷமாக ரோலண்ட் ஹெஸ்டரின் கையைப் பார்த்துத்தான் அடித்தார். இப்போது திடீரென்று தோள்வலி, சின்ன மணிதான் இழுக்க முடியும் என்று சொல்லி பிலிப்பாவின் முதல் மணியைத் தான் வாங்கிக்கொண்டு, மூன்றாவதை அவளிடம் கொடுத்துவிட்டார். பிலிப்பா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட டீச்சர், சண்டைக்குப் போகிற ஆள் இல்லை.

“தோள்வலியாம்,” என்றாள் ஹெஸ்டர் என்னிடம். “என் மூஞ்சியைப் பாக்க வலிக்குது. அதைச் சொல்ல வேண்டியதுதானே.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அன்று ராத்திரி வரை அவள் முகம் சரியில்லை என்று மெர்வின் பிறகு சொன்னார். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: கல்யாணமும் நடக்க வேண்டும், அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்காலியும் காலியாக இருக்கக் கூடாது.

4

வெள்ளிக்கிழமை டாரத்தியின் அடக்கம். சனிக்கிழமை ஹெஸ்டரின் கல்யாணம். தேவாலயத்துக்குப் பூ வைத்துப் பூ வைத்தே தொண்ணூற்று நாலு வயது வரை வாழ்ந்தவர் டாரத்தி. அவருடைய அடக்கத்துக்கு வைத்த வெள்ளை லில்லிகளை மறுநாள் கல்யாணத்துக்கும் அப்படியே விட்டுவிடலாம் என்று பூக்குழு ஒருமனதாக முடிவு செய்தது. கறுப்பு ரிப்பனை அவிழ்த்துவிட்டு மஞ்சள் ரிப்பன் கட்டினார்கள். டாரத்தி உயிரோடு இருந்திருந்தால் அவரே இதைத்தான் சொல்லியிருப்பார். எங்கள் போதகர் ஜோசலினுக்கு ஏழு ஊர்த் தேவாலயங்கள், அவர் எதற்கும் சரி என்றார்.

(பூவுக்கு ரிப்பன் மாற்ற ஞாபகம் இருந்த ஊரில் மணிக்கு உறை மாற்ற ஞாபகம் இல்லாமல் போனது என்று இங்கே ஒரு வரி எழுதியிருந்தேன். தேவைக்கு அதிகமாக அழகாக இருந்தது. எடுத்துவிட்டேன். எடுத்தேன் என்று சொல்லி வைத்தும்விட்டேன், என்னை நம்பாதீர்கள்.)

டாரத்திக்கு அடித்து முடித்தோம். வழக்கமாக மணிகளை மறுபடி வாய் கீழே பார்க்கும்படி இறக்கி, ரோலண்ட் ஏணி ஏறிப் போய் உறைகளை அவிழ்ப்பார். அன்று அவர், “நாளைக்குக் கல்யாணம் இருக்கே, மேலேயே நிக்கட்டும். மறுபடி ஏத்தற வேலை மிச்சம்” என்றார். நாங்களும் கயிற்றைக் கொக்கியில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம்.

மணி மேலே நின்றால் உறையைத் தொட முடியாது. இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ரோலண்டுக்கு எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

சனிக்கிழமை. மணமகனும் மணமகளும் எங்கள் ஆட்களே என்பதால் இரண்டு கயிறு காலி. பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேரை இரவல் வாங்கினோம். ஹெஸ்டர் இரண்டாவதில் இல்லை என்றதும் ரோலண்டின் தோள்வலி குணமாகிவிட்டது. பிலிப்பாவை முதல் மணிக்கு அனுப்பிவிட்டு, தன் பழைய மூன்றாவதில் வந்து நின்றுகொண்டார். நான் நாலாவது, அவருக்கு அடுத்த ஆள்.

எங்கள் கோபுரத்தில் தரையில் நின்றுதான் அடிப்போம். தேவாலயத்தின் மேற்கு மூலையில் ஒரு பச்சைத் திரை, அதற்குப் பின்னால் நாங்கள். மோதிரம் மாற்றினார்கள், பாட்டு முடிந்தது, எல்லாரும் வெளியே வாசலுக்குப் போனார்கள். ஜோசலின் திரையை விலக்கித் தலையாட்டினார்.

“தயாரா,” என்று முதல் மணிக்காரர் கொடுக்கும் வழக்கமான குரலைக் கொடுத்தாள் பிலிப்பா. “போகுது. போயிருச்சு.”

முதல் சுற்று கணீரென்று ஆறு அடி. வெளியே யாரோ கைதட்டியது கேட்டது.

இரண்டாவது சுற்று அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து வந்தது.

5

ரோலண்டின் முகம் —

நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன், பார்த்தேன், ஆனாலும் எழுத முடியவில்லை. ‘கையும் களவுமாகப் பிடிபட்டவர் முகம்’ என்று ஒரு தடவை எழுதினேன். அடித்தேன். ‘சந்தையில் கை நழுவிப்போன குழந்தையின் முகம்’ என்று எழுதினேன். அதையும் அடித்தேன். வெளுத்திருந்தது, அவ்வளவுதான் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

“நிறுத்துங்க,” என்றார்.

ஆறு மணிகளும் நின்றன. கல்யாண வாசலில் மணி நின்றுபோவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாலி கட்டும் நேரம் மேளம் நின்றால் மண்டபமே என்ன செய்யும், அதுதான் நடந்தது. அந்த அமைதியில் ஹெஸ்டரின் செருப்புச் சத்தம் தேவாலயத்தின் கல் தரையில் எங்களை நோக்கி வந்தது. அவளுக்குப் பின்னால் மெர்வின்.

“ஹெஸ், போட்டோக்காரர் காத்துக்கிட்டு நிக்கறாரு.”

“நிக்கட்டும். இதைப் பிடி.” பூச்செண்டை அவர் கையில் திணித்தாள். தொப்பியைக் கழற்றி அதையும் அவர் கையில் கொடுத்தாள். இரண்டாவது கயிற்றில் நின்ற இரவல் பெண்ணைப் பார்த்து, “அது என்னோடதும்மா. கொஞ்சம் தள்ளிக்கோ” என்றாள்.

பிறகு ரோலண்டைப் பார்த்துச் சொன்னாள்: “சத்தமா அடிக்கறது எங்களுக்கு. மெதுவா அடிக்கறது லென்னுக்கு. நிறுத்தாத.”

அடித்தோம். கல்யாண உடுப்பில் கைகளைத் தூக்கித் தூக்கி இழுத்ததில் நீலக் கோட்டின் அக்குளில் தையல் பிரிந்தது. அவள் கவலைப்படவில்லை. இரண்டாவதின் கையைப் பார்க்காமல் மூன்றாவதை அடிக்க முடியாது. ரோலண்ட் பார்த்தார். மாசக்கணக்கில் எதைப் பார்க்காமல் தப்பிக்க இடம் மாறினாரோ, அதையே கண்ணெடுக்காமல் பார்த்தார். ஒரு அடி கணீரென்று, ஒரு அடி மெல்ல. கண்ணைத் துடைக்க அவருக்குக் கை கிடைக்கவில்லை. எனக்கும்தான்.

இங்கேயே கதையை முடித்திருக்கலாம். முடித்துமிருந்தேன். அப்புறம் வாசித்துக் காட்டியதுதான் தப்பு.

6

“இரு, இரு,” என்றாள் ஹெஸ்டர், கேக்கை வெட்டிக்கொண்டே. “சத்தமா அடிக்கறது எங்களுக்கு, மெதுவா அடிக்கறது லென்னுக்கு. இதை நான் எப்ப சொன்னேன்?”

“சொல்லலையா?”

“கல்லறைக் கல்லுல வெட்டற மாதிரி இருக்கு. ‘இதை யாருடா கழட்டாம விட்டது’ன்னு கேட்டேன். நடுவுல ஒரு கெட்ட வார்த்தையும் இருந்துச்சு.”

“போதகர் பக்கத்துல நின்னாங்க.”

“அதான் ஒண்ணோட நிறுத்திக்கிட்டேன்.”

ஆகவே அந்த வரி என் கற்பனை. கயிறு, தையல் பிரிந்தது, அவர் பார்த்தது எல்லாம் நிஜம். (அந்த வரியை எடுக்க மனம் வரவில்லை. ஹெஸ்டரும் இரண்டாவது துண்டு கேக்குக்குப் பிறகு, “சரி இருக்கட்டும், நான் கொஞ்சம் நல்லவளாத் தெரியறேன்” என்றாள்.)

“ஆனா ஒண்ணு,” என்றாள். “ரோலண்ட் வேணும்னே செஞ்சான்னு இந்த ஊர்ல பேசறாங்க. பப்புல பேசறாங்க. நீ அவன் மறந்துட்டான்னு எழுது. தெளிவா எழுது. மறந்துட்டான், பாவம், வயசாச்சு, அவ்வளவுதான். அவன் ஞாயித்துக்கிழமை திரும்ப வரான். அது கெடக் கூடாது.”

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ரோலண்ட் மறந்துவிட்டார் என்று எழுதினேன்.

7

ரோலண்ட் கேக் கொண்டுவரவில்லை. அவருடைய கிழட்டு நாயைக் கொண்டுவந்தார். நாயின் காதைப் பார்த்து மருந்து போட்டுவிட்டு, அவருக்கும் வாசித்துக் காட்டினேன். கடைசி வரி வந்ததும் கையைத் தூக்கினார், மணியை நிறுத்தச் சொல்வதுபோல.

“டாக்டர், அதை எடுத்துடுங்க.”

“எதை?”

“மறந்துட்டார்னு இருக்கே, அதை.”

“அப்ப வேணும்னுதான் விட்டீங்களா?”

“நான் அப்படிச் சொல்லலை.”

“ரெண்டுல ஒண்ணுதானே ரோலண்ட் இருக்க முடியும்.”

“என்ன வேணா எழுதிக்கோங்க. கெட்டவன்னு எழுதுங்க. பொறாமைக்காரன், அண்ணன் பேரைச் சொல்லி அண்ணிக்குக் கல்யாணத்துல சாவுமணி அடிச்சான்னு எழுதுங்க. மறந்தேன்னு மட்டும் எழுதாதீங்க.”

நாயின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் அவரை வீம்பு பிடித்தவர் என்று நினைத்தேன். இத்தனை வருஷத் தலைவருக்கு, உறையை மறந்தார் என்ற பேர் பெரிய அவமானம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைப் பற்றி ஒரு பத்திகூட எழுதினேன், தொழில் கர்வம் என்பது —

அந்தப் பத்தியை அவரே முடித்துவைத்தார், கதவுக்குப் பக்கத்தில் நின்று.

“எங்கம்மாவை உங்களுக்குத் தெரியாது. நீங்க வர்றதுக்கு முன்னாடி. செவ்வாக்கிழமை காலைல ஞாயித்துக்கிழமைத் தொப்பியைப் போட்டுக்கிட்டு சர்ச் வாசல்ல வந்து உக்காந்திருப்பாங்க. யாரும் ஏன் வரலைன்னு கேப்பாங்க. நான்தான் போய்க் கூட்டிட்டு வருவேன். மொதல்ல அவங்க மறந்தது இந்த மாதிரி சின்ன விஷயம்தான்.”

நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் அதே இடத்தில் மருந்துப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் மறந்தாரா, வேண்டுமென்றே செய்தாரா என்று அவருக்கே தெரியவில்லை. அதுதான் அவருடைய பயம். அதனால்தான் கெட்டவன் என்ற பேரைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

8

இதை ஹெஸ்டரிடம் சொல்லலாமா கூடாதா என்று நான் யோசித்ததை மூன்று பக்கம் எழுதியிருந்தேன். உங்களுக்கு வேண்டாம். சொன்னேன்.

அவள் கையில் டீக்கோப்பை இருந்தது.

“அத்தையோட தொப்பி,” என்றாள். “பச்சைத் தொப்பி. செர்ரிப்பழம் வச்சது. நானும் போயிருக்கேன் கூட்டிட்டு வர.”

“டாக்டரைப் பாக்கச் சொல்லலாம் ஹெஸ்டர். நெஜ டாக்டரை.”

“சொல்வேன். மெர்வின் கூட்டிட்டுப் போவாரு. அது வேற.” கோப்பையை வைத்தாள். “நீ எழுதினதை மாத்து.”

“என்னன்னு?”

“வேணும்னே செஞ்சான்னு எழுது. என்மேல கோவத்துல செஞ்சான்னு எழுது. கோவம்னா நான் தாங்கிக்குவேன். கோவம் போயிடும்.”

“ஊர் பேசுமே.”

“பேசட்டும் கோமதி. என் கல்யாணம், என் மணி. நான் மன்னிச்சுட்டேன்னு சேத்து எழுது, வாயை மூடிக்குவாங்க.”

அழுதாள். என் முன்னால் அவள் அழுது நான் பார்த்தது லென்னின் அடக்கத்துக்குப் பிறகு இதுதான்.

9

இப்போது என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் ரோலண்ட் மறந்துவிட்டார், அவரை யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. மற்றதில் வேண்டுமென்றே செய்தார், அவருக்கு ஒரு வியாதியும் இல்லை. முதல் முடிவைக் கேட்டவளே இப்போது இரண்டாவதைக் கேட்கிறாள்.

தீர்மானிக்க முடியாமல் நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தபோது இலையுதிர் காலத்தில் இன்னொரு சாவு வந்தது. உறை கட்டி அடித்தோம். ரோலண்ட் மூன்றாவதில்தான் நின்றார், தோள்வலி திரும்பி வரவில்லை. முடித்து மணிகளை இறக்கினோம். நாங்கள் எல்லாரும் அவரைப் பார்க்காமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டோம். பிலிப்பா கயிற்றைத் தேவையில்லாமல் இரண்டு தடவை சுருட்டினாள். மெர்வின் ஆட்டுக் குளம்பைப் பற்றி என்னிடம் ஆரம்பித்தார்.

ஹெஸ்டர் ஏணிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“ரோலண்ட், வா. உறையைக் கழட்டிடலாம். நீ மேலே போ, நான் ஏணியைப் பிடிக்கறேன்.”

“எனக்கு ஞாபகம் இருக்கு ஹெஸ்டர்.”

“உனக்கு இருக்கும். எனக்குத்தான் மறந்து போயிடுது. அதான் இப்பவே கூப்பிடறேன்.”

ரோலண்ட் அவளைப் பார்த்தார். பிறகு ஏறினார். அவள் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, “எல்லாத்தையும் கழட்டிட்டியா, எண்ணு, எனக்குக் கேக்கற மாதிரி எண்ணு” என்றாள். மேலே இருட்டிலிருந்து அவர் ஒவ்வொன்றாக எண்ணும் குரல் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ரோலண்ட்தான் பாத்திரம் துடைத்தார்.

ஆகவே வாக்கியத்தை இப்படி விட்டிருக்கிறேன்:

டாரத்தியின் அடக்கம் முடிந்த அன்று, ரோலண்ட் ப்ரீஸ் தோல் உறைகளை மணிகளிலேயே விட்டுவிட்டுப் போனது, அவர்

மீதியை நீங்கள் எழுதுங்கள். என்னால் ஆகவில்லை. ஒரே நிபந்தனை: என்ன எழுதினாலும் என் சமையலறைக்கு வந்து, அவர்கள் இரண்டு பேரையும் எதிரில் உட்காரவைத்து, நீங்களே வாசித்துக் காட்ட வேண்டும். கேக் இருக்கும்.